கண்ணாடிப் பெட்டியும் தாயின் மார்பும்

கங்காருவை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவின் செங்கங்காரு நிமிர்ந்து நின்றால் ஓர் ஆள் உயரம் இருக்கும். ஆனால் அது ஈனும் குட்டியோ ஒரு மொச்சைக் கொட்டையின் அளவுதான். எடை ஒரு கிராமுக்கும் குறைவு. தாயின் கருவில் அது இருந்தது ஏறத்தாழ 33 நாட்களே. கண் திறவாத, மயிர் முளைக்காத அந்தக் குட்டி தானே ஊர்ந்து சென்று தாயின் வயிற்றுப் பைக்குள் புகுந்து கொள்கிறது. அங்கே பாலைக் குடித்து, தாயின் உடற்சூட்டில் ஆறு மாதங்களுக்கு மேல் வளர்ந்த பிறகே முதன்முதலாக வெளியே இறங்குகிறது.

மனிதத் தாய்க்கு இத்தகைய பை கிடையாது. மனிதக் குழந்தை கருவிலேயே ஏறத்தாழ 40 வாரங்கள் வளர்ந்துவிட்டுப் பிறக்கிறது. ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. 37 வாரங்கள் நிறையுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பத்துக் குழந்தைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று கிலோகிராம் இருக்க வேண்டிய குழந்தை ஒரு கிலோகிராம் எடையுடன் பிறந்துவிட்டால் அதை எப்படிக் காப்பாற்றுவது? இந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் 140 ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வருகிறார்கள். அந்தத் தேடலில் நீங்கள் வகுப்பில் படிக்கும் வெப்பவியல் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இன்னொரு கேள்வியும் அதனுள் இருக்கிறது. மருத்துவமனையில் நோயாளியின் குடும்பத்தாருக்கு என்ன இடம்? கதவுக்கு வெளியேயா, உள்ளேயா?

சின்ன உடல் ஏன் விரைவில் குளிர்கிறது?

முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பக்கம் 10 செ.மீ. உள்ள கனசதுரத் தொட்டி ஒன்றில் நீர் நிரப்புங்கள். அதில் பிடிக்கும் நீர் 1,000 கன செ.மீ.; அதாவது ஒரு கிலோகிராம். தொட்டியின் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 600 சதுர செ.மீ. ஆகவே ஒரு கிலோகிராம் நீருக்கு 600 சதுர செ.மீ. பரப்பு உள்ளது.

இப்போது ஒரு பக்கம் 40 செ.மீ. உள்ள தொட்டியை எடுத்துக் கொள்வோம். இதில் 64 கிலோகிராம் நீர் பிடிக்கும். பரப்பு 6 × 40 × 40 = 9,600 சதுர செ.மீ. இதை 64-ஆல் வகுத்தால், ஒரு கிலோகிராம் நீருக்கு 150 சதுர செ.மீ. பரப்புத்தான் கிடைக்கிறது.

வெப்பம் உண்டாவதும் தேங்கி நிற்பதும் உடலின் நிறையைப் பொறுத்தவை. வெப்பம் வெளியேறுவதோ பரப்பைப் பொறுத்தது. ஆகவே 64 கிலோகிராம் எடையுள்ள பெரியவரைவிட ஒரு கிலோகிராம் குழந்தைக்கு, அதன் எடையோடு ஒப்பிட, வெப்பம் வெளியேறும் வாசல் நான்கு மடங்கு அகலமானது. மனித உடல் கனசதுரம் அன்று என்பது உண்மைதான். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

இத்துடன் வேறு இடர்களும் சேர்கின்றன. நமக்குக் குளிரெடுத்தால் உடல் நடுங்குகிறது. தசைகள் வேகமாகச் சுருங்கி விரிவதால் வெப்பம் உண்டாகிறது. பிறந்த குழந்தைக்கு இப்படி நடுங்கத் தெரியாது. அதற்குப் பதிலாகத் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பு என்னும் தனிவகைக் கொழுப்பை எரித்து அது வெப்பம் பெறுகிறது. இந்தக் கொழுப்பு கருவின் கடைசி வாரங்களில்தான் நன்கு சேர்கிறது. முன்னதாகப் பிறந்துவிட்ட குழந்தையிடம் இந்த விறகு மிகக் குறைவு. தோலுக்கடியில் உள்ள கொழுப்புப் போர்வையும் மெல்லியது. தோலோ நீரைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு முதிரவில்லை.

வெப்பம் வெளியேறும் நான்கு வழிகள்

கடத்தல், சலனம், கதிர்வீசல் என்ற மூன்றையும் படித்திருப்பீர்கள். இவற்றுடன் ஆவியாதலையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

குளிர்ந்த எடைத்தட்டின்மேல் குழந்தையைக் கிடத்தினால் வெப்பம் கடத்தல் முறையில் தட்டுக்குப் போகிறது. மேலே மின்விசிறி சுழன்றால் உடலைத் தொட்டுச் சூடான காற்று விலகி, குளிர்ந்த காற்று அந்த இடத்திற்கு வந்துகொண்டே இருக்கிறது. இது சலனம்.

பிறந்த குழந்தையின் உடல் ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தில் 10 கிராம் நீர் ஆவியாவதாக வைத்துக்கொள்வோம். உடல் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். 10 கிராமுக்கு 5,800 கலோரி. உடலின் தன்வெப்பம் சுமார் 0.83 ஆதலால், ஒரு கிலோகிராம் குழந்தையின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைய 830 கலோரி வெளியேறினால் போதும். 5,800-ஐ 830-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை ஏறத்தாழ 7 டிகிரி! உண்மையில் இந்த வெப்பத்தில் ஒரு பகுதி சுற்றியுள்ள காற்றிலிருந்து கிடைக்கிறது. குழந்தையின் உடலும் ஓரளவு வெப்பத்தை உண்டாக்குகிறது. ஆகவே வீழ்ச்சி அந்த அளவுக்கு இராது. ஆனால் குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இரண்டு டிகிரி குறைந்தாலும் ஆபத்துத்தான். பிறந்தவுடன் குழந்தையை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும் என்று வற்புறுத்துவது ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா?

கதிர்வீசல் கண்ணுக்குத் தெரியாத திருடன். அறையின் காற்று கதகதப்பாக இருந்தாலும் சுவர்கள் குளிர்ந்திருந்தால் உடலின் வெப்பம் கதிர்களாகச் சுவரை நோக்கிப் போய்விடும். தோல் 35 டிகிரியிலும் சுவர் 25 டிகிரியிலும் இருந்தால், ஸ்டெஃபான் - போல்ட்ஸ்மன் விதிப்படி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 63 வாட் வெப்பம் வெளியேறும். ஒரு கிலோகிராம் குழந்தையின் தோல் பரப்பு சுமார் 0.1 சதுர மீட்டர். அதில் பாதி மட்டுமே சுவரை நோக்கியிருப்பதாகக் கொண்டாலும் 3 வாட் போய்விடுகிறது. அந்தக் குழந்தையின் உடல் உண்டாக்கும் மொத்த வெப்பமோ சுமார் 2 வாட். வரவு 2, செலவு 3 என்றால் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

இதைப் பாலின் கணக்காகவும் பார்க்கலாம். ஒரு வாட் வீதம் ஒரு நாள் முழுதும் வெப்பம் கூடுதலாக வெளியேறினால் மொத்தம் 86,400 ஜூல், அதாவது ஏறத்தாழ 20 கிலோகலோரி இழப்பாகிறது. இதை ஈடுசெய்ய சுமார் 30 மில்லிலிட்டர் தாய்ப்பால் வேண்டும். இந்த அளவுக் குழந்தை நாள் முழுதும் குடிக்கும் பாலே 150 முதல் 180 மில்லிலிட்டர்தான். வளர்ச்சிக்குப் போக வேண்டிய உணவில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கு அறையின் சுவரைச் சூடாக்கப் போய்விடுகிறது.

முட்டைப் பெட்டி தந்த யோசனை

பாரிஸ் நகரில் ஸ்டெஃபான் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். அந்நகரின் விலங்குக் காட்சிச் சாலையில் பறவை முட்டைகளைப் பொரிக்க வைக்கும் வெப்பப் பெட்டிகளை அவர் கண்டார். முட்டைக்குப் பயன்படும் பெட்டி குழந்தைக்கு ஏன் பயன்படக் கூடாது? அதே காட்சிச் சாலையைச் சேர்ந்த ஓடில் மர்தேன் என்பவரைக் கொண்டு, வெந்நீரால் சூடேற்றப்படும் பெட்டி ஒன்றைச் செய்வித்து, 1880-ஆம் ஆண்டில் பாரிஸ் மகப்பேறு மருத்துவமனையில் வைத்தார். குறைமாதக் குழந்தைகளின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்று நாம் இன்குபேட்டர் என்று அழைக்கும் கருவியின் மூதாதை அதுதான்.

இன்றைய இன்குபேட்டரில் காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் தாமே கட்டுப்படுகின்றன. கதிர்வீசலைக் குறைக்க இரட்டைச் சுவர்கள் வைக்கப்படுவதும் உண்டு. எத்தனையோ லட்சம் உயிர்களைக் காத்த கருவி அது. அதன் சிறப்பைக் குறைத்துக் கூறுவதற்கில்லை.

ஆனால் பெட்டியோடு ஒரு வழக்கமும் கூடவே வந்தது. குழந்தை பெட்டிக்குள், தாய் வெளியே. மார்ட்டின் கூனி என்பவர் 1896-இல் பெர்லின் கண்காட்சியிலும், 1903 முதல் 1943 வரை நியூயார்க்கின் கோனி தீவு கேளிக்கைத் திடலிலும் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துக் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டினார். வேடிக்கையாகத் தோன்றினாலும், அந்தக் கட்டணத்தில்தான் குழந்தைகளுக்குச் சிகிச்சை நடந்தது. பெற்றோரிடம் அவர் ஒரு காசும் வாங்கவில்லை. எனினும் நிலைமையைப் பாருங்கள். முன்பின் அறியாதவர்களும், பெற்ற தாயும், எல்லாரும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவர்களே!

தார்னியேயின் மாணவரான பியேர் புதேன் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்திருந்தார். தன் குழந்தைக்குத் தானே எதுவும் செய்ய வாய்ப்பில்லாத தாய்மாரில் சிலர் நாளடைவில் குழந்தையைக் கைவிட்டு விடுகிறார்கள் என்று அவர் எழுதினார். தாய்மார் வந்து பாலூட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார்.

கதவுக்கு வெளியே தாய்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலை நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் வாரத்தில் சில மணி நேரமே தம் குழந்தைகளைப் பார்க்க முடிந்தது. இதற்குக் காரணம் கல்நெஞ்சம் என்று எண்ணிவிடக் கூடாது. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு புதிதாக வந்திருந்த காலம் அது. எதிருயிரி மருந்துகள் இன்னும் வரவில்லை. வெளியிலிருந்து வருபவர் கிருமியைக் கொண்டு வருவார் என்ற அச்சம் நியாயமானதே.

ஆயினும் மாற்று வழியைக் காட்டியவர்களும் இருந்தனர். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1920-களிலேயே குழந்தையோடு தாயையும் மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டு, குழந்தையைப் பராமரிக்கும் வேலையில் பெரும்பகுதியைத் தாயிடமே ஒப்படைத்தார். 1959-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தைகளின் தாய்மார் உடன் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. நம் நாட்டிலும் 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், மருத்துவமனைத் திடலில் கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரை உடன் தங்கச் செய்தார். பிறகு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தாரைத் தங்க வைக்கும் முறையை மேற்கொண்டது.

எனினும் குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு மட்டும் நெடுங்காலம் சாத்தியே இருந்தது. அதைத் திறந்தது ஒரு பற்றாக்குறை.

பொகோட்டாவில் ஒரு நெருக்கடி

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரம் பொகோட்டா. அங்குள்ள தாய் சேய் மருத்துவமனை ஏழை மக்கள் நாடிவரும் இடம். குறைமாதக் குழந்தைகள் ஏராளம். இன்குபேட்டர்களோ மிகச் சில. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்த வேண்டிய நிலை. ஒரு குழந்தையின் நோய் அடுத்த குழந்தைக்குத் தொற்றியது. இறப்புகள் மிகுந்தன. வாரக்கணக்கில் பிரிந்திருந்த தாய்மாரில் சிலர் குழந்தையை அழைத்துச் செல்லத் திரும்பி வரவே இல்லை.

1978-இல் அங்குப் பணியாற்றிய டாக்டர் எட்கார் ரே சனாப்ரியா ஒரு முடிவுக்கு வந்தார். இன்குபேட்டர் இல்லாவிட்டால் என்ன? தாய் இருக்கிறாளே! உடல்நிலை ஓரளவு சீரான குழந்தைகளை அவர் தாயின் மார்பில், தோலோடு தோல் படும்படி, நிமிர்ந்த நிலையில் துணியால் கட்டிவிட்டார். அடுத்த ஆண்டு டாக்டர் எக்டோர் மார்ட்டினஸ் அவருடன் சேர்ந்து கொண்டார். தாயின் சூடு, தாய்ப்பால், விரைவில் வீடு திரும்பித் தவறாமல் வந்து காட்டிச் செல்லுதல் என்பவை இம்முறையின் மூன்று கூறுகள். கங்காரு வாழாத கொலம்பியாவில் பிறந்த இம்முறைக்குக் கங்காருப் பராமரிப்பு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இதைச் செய்யும் விதம் எளிது. குழந்தைக்கு ஒரு குல்லாய், காலுறை, இடுப்பில் ஒரு துணி. வேறு உடை இல்லை. தாயின் இரு மார்புகளுக்கு நடுவே தவளையைப் போல் கைகால்களை மடக்கிய நிலையில் குழந்தையை நிமிர்த்தி வைக்கிறார்கள். மூச்சுக் குழாய் மடங்காதபடி தலையை ஒரு பக்கமாகத் திருப்பிச் சற்றே உயர்த்தி வைக்கிறார்கள். பின் அகலமான துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். தாய் சாய்ந்து உட்காரலாம், தூங்கலாம், எழுந்து நடக்கலாம்.

முன்பு சொன்ன நான்கு வழிகளையும் இப்போது மீண்டும் பாருங்கள். குளிர்ந்த படுக்கைக்குப் பதில் தாயின் வெதுவெதுப்பான தோல் இருப்பதால் கடத்தல் இங்கே வெப்பத்தை எடுப்பதில்லை, கொடுக்கிறது. துணிக்குள் காற்றோட்டம் இல்லாததால் சலனம் அடங்குகிறது. குழந்தையின் முன்புறம் நோக்கியிருப்பது அதே வெப்பநிலையில் உள்ள இன்னொரு தோல்; அங்கே கதிர்வீசலால் இழப்பதும் பெறுவதும் ஏறத்தாழச் சமம். துணிக்குள் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் ஆவியாதலும் குறைகிறது. உடலில் பெரும்பங்கு வகிக்கும் தலையைக் குல்லாய் காக்கிறது.

அமைதியாக அமர்ந்திருக்கும் தாயின் உடல் 60 முதல் 80 வாட் வரை வெப்பம் வெளியிடுகிறது. குழந்தைக்குக் குறையும் ஓரிரு வாட் அவளுக்கு ஒரு பொருட்டன்று. மின்சாரம் நின்றாலும் இந்த அடுப்பு அணைவதில்லை. இன்னும் ஒரு வியப்பு: குழந்தையின் தேவைக்கு ஏற்பத் தாயின் மார்புத் தோலின் வெப்பம் சற்றே ஏறி இறங்குவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இன்குபேட்டரின் வெப்பக்கட்டுப்படுத்தி செய்யும் வேலையை அவள் உடல் தானே செய்கிறது. தாய்க்கு உடல்நலம் இல்லாதபோது தந்தையோ, பாட்டியோ, சித்தியோ இவ்வாறு குழந்தையைச் சுமக்கலாம்.

சரியான ஒப்பீடு எது?

பொகோட்டாவின் செய்தி 1980-களில் உலகெங்கும் பரவியது. இந்த முறையால் இறப்புகள் பெரிதும் குறைந்துவிட்டன என்று பேசப்பட்டது. 1985-இல் இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் நேரில் சென்று பார்த்து, லான்செட் மருத்துவ இதழில் ஓர் எச்சரிக்கை எழுதினர். அங்கே தாயின் மார்பில் வைக்கப்பட்டவை, முதல் சில நாட்களின் ஆபத்தைக் கடந்து உடல் தேறிய குழந்தைகள். அதற்கு முன்பே இறந்தவை அந்தக் கணக்கில் சேரவில்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த முறையும் நல்ல முறையாகத்தான் தெரியும்!

மாணவர்களே, இது கவனிக்கத்தக்க இடம். ஒரு கருத்து நெஞ்சைத் தொடுவதாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. சமமான இரு குழுக்களை அமைத்து, ஒன்றுக்கு ஒரு முறையும் மற்றதற்கு வேறு முறையும் கையாண்டு, எல்லாரையும் விடாமல் எண்ண வேண்டும். எந்தக் குழந்தை எந்தக் குழுவில் சேரும் என்பதைக் குலுக்கல் முறையில்தான் தீர்மானிக்க வேண்டும்.

அவ்வாறே சோதனைகள் நடந்தன. 1990-களில் பொகோட்டாவிலேயே ஒரு சோதனை நடந்தது. அதில் பங்குகொண்ட குழந்தைகளை 20 ஆண்டுகளுக்குப் பின் தேடிப் பார்த்தபோது, கங்காரு முறையில் வளர்ந்தவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டது குறைவு என்றுகூடத் தெரிய வந்தது! நம் நாட்டில் ஹரியானா மாநிலத்தில் எடை குறைந்த 8,402 குழந்தைகளைக் கொண்டு வீடுகளிலேயே ஒரு சோதனை நடத்தப்பட்டு, 2019-இல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்குள் நேரும் இறப்பு ஏறத்தாழக் கால் பங்கு குறைந்திருந்தது.

ஆனால் பெரிய கேள்வி ஒன்று மீதம் இருந்தது. குழந்தையின் உடல் சீராகும் வரை காத்திருக்காமல், பிறந்தவுடனேயே தொடங்கினால் என்ன? இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு இது சோதிக்கப்பட்டது. இந்தியாவில் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை பங்கேற்றது. 1 கிலோகிராம் முதல் 1.8 கிலோகிராமுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு குழுவில் பிறந்தது முதலே நாளொன்றுக்குச் சுமார் 17 மணி நேரம் தாயின் மார்பில். மற்றதில் இன்குபேட்டரிலோ வெப்ப விளக்கின் கீழோ வைத்திருந்து, உடல் சீரான பிறகே தாயிடம்.

2021-இல் முடிவு வெளிவந்தது. இரண்டாம் குழுவில் முதல் 28 நாட்களில் இறந்தவை 100-க்கு 15.7. முதல் குழுவில் 12.0. இறப்பில் ஏறத்தாழக் கால் பங்கு குறைவு. வேறு விதமாகச் சொன்னால், 27 குழந்தைகளை இப்படிப் பராமரித்தால் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது. நன்மை தெளிவாகத் தெரிந்ததால், இனியும் ஒரு குழுவுக்கு அதை மறுப்பது முறையாகாது என்று சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றிக் கொண்டது. அவசர உயிர்காப்புச் சிகிச்சை தேவைப்படும் நிலையில் இல்லாத எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் பிறந்தவுடனேயே கங்காருப் பராமரிப்பைத் தொடங்கி, நாள்தோறும் 8 மணி முதல் 24 மணி நேரம் வரை இயன்ற அளவு தொடர வேண்டும் என்பது புதிய பரிந்துரை.

தானே மூச்சுவிட முடியாமல் தவிக்கும் குழந்தைக்குக் கருவிகளும் வல்லுநர்களும் இன்றியமையாதவை. தாயின் அணைப்பு அவற்றுக்கு மாற்றாகாது. அவற்றோடு சேர்ந்தே அது பயன் தருகிறது.

பார்வையாளரா, கூட்டாளியா?

2021-ஆம் ஆண்டுச் சோதனைக்காக அந்த மருத்துவமனைகள் செய்ய வேண்டியிருந்த முக்கியமான மாறுதல் எது தெரியுமா? தாயின் கட்டிலைக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டு வந்ததுதான்! வழக்கமாகத் தாய் ஒரு வார்டிலும் குழந்தை வேறொரு பிரிவிலும் இருப்பார்கள். இருவரையும் ஒரே இடத்தில் வைத்தபோது, தாய் நாள் முழுதும் சிகிச்சையில் பங்கேற்பவள் ஆனாள்.

இவ்வழியில் 1979-லேயே நடந்தவர் எஸ்தோனியாவின் டாலின் நகரக் குழந்தை மருத்துவர் ஆடிக் லெவின். அவருடைய மருத்துவமனையில் செவிலியர் பற்றாக்குறை. எனவே குழந்தைகளைத் தூக்குவது, துடைப்பது, பாலூட்டுவது ஆகிய பணிகளைத் தாய்மாரே செய்தனர். செவிலியர் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களாயினர். இந்த முறையைப் பின்பற்றிக் கனடாவின் டொரான்டோவில் ஒரு திட்டம் உருவாயிற்று. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 26 சிகிச்சைப் பிரிவுகளில் அதைச் சோதித்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். பெற்றோர் பங்கேற்ற பிரிவுகளில் குழந்தைகளின் எடை கூடுதலாக ஏறியது. பெற்றோரின் மனக்கவலையும் குறைந்தது.

கிருமி பற்றிய பழைய அச்சம் என்ன ஆயிற்று? தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் பெற்றோருக்குக் கை கழுவுவது முதல் முறையாகப் பயிற்சி தந்து உள்ளே அனுமதித்துப் பார்த்தார்கள். தொற்றுநோய் அதிகமாகவில்லை, தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகளின் விகிதம் உயர்ந்தது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, 2017-இல் இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் குடும்பத்தார் பங்கேற்பதற்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது.

குடும்பத்தார் அப்படி என்னதான் செய்ய முடியும்? சுமார் 34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சு விடுவதையும் ஒழுங்காக இணைத்துச் செய்ய வராது. கறந்த தாய்ப்பாலைச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். நம் வீடுகளில் பாட்டிமார் வைத்திருந்த பாலாடை அல்லது சங்கு இதற்கு மிகவும் ஏற்றது. இன்று மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளிலும் அது பாலாடை என்ற பெயரிலேயே குறிப்பிடப்படுகிறது. உள்ளங்காலைத் தொட்டுச் சூட்டை அறிவது, மூச்சையும் தோல் நிறத்தையும் கவனிப்பது, பால் குடித்த அளவைக் குறிப்பது ஆகியவற்றையும் கற்றுக்கொள்ளலாம். ஒரு செவிலியர் பல குழந்தைகளைக் கவனிக்க வேண்டியவர். தாயோ ஒரே குழந்தையை ஓயாமல் கவனிப்பவள். வீடு திரும்பிய பின் எந்த அறிகுறி கண்டால் உடனே ஓடிவர வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கூட்டாளி என்றால் வேலையாள் என்று பொருளன்று. செவிலியர் போதவில்லை என்பதற்காக அவர்கள் வேலையைக் குடும்பத்தின் தலையில் சுமத்துவது கூட்டுறவு ஆகாது. உட்கார ஓர் இருக்கை, படுக்க ஒரு கட்டில், வேளைக்கு உணவு, கேட்ட கேள்விக்குப் புரியும்படி பதில், முடிவெடுக்கும்போது ஒரு சொல் ஆகிய இவை தாய்க்குக் கிடைக்க வேண்டும். கற்றுக்கொடுக்கச் செவிலியருக்கும் நேரம் கிடைக்க வேண்டும்.

இந்த எண்ணம் குழந்தைப் பிரிவோடு நிற்கவில்லை. 2019 முதல் செப்டம்பர் 17-ஆம் நாள் உலக நோயாளிப் பாதுகாப்பு நாளாகக் கொள்ளப்படுகிறது. 2023-இல் அதன் மையக் கருத்து, நோயாளிகளையும் குடும்பத்தாரையும் பாதுகாப்பில் பங்கேற்கச் செய்வது. உங்கள் தாத்தா மருத்துவமனையில் இருந்தால் நீங்களும் பங்கேற்கலாம். தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். மருந்துகளின் பெயரையும் வேளையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவருக்கு ஒவ்வாத மருந்து இருந்தால் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். புரியாததைத் தயங்காமல் கேளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே உலோகத்தாலான இரண்டு மூடியுள்ள பாத்திரங்கள், ஒன்று சிறியது, ஒன்று பெரியது, எடுத்துக் கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரின் துணையோடு இரண்டிலும் 60 டிகிரி வெந்நீர் நிரப்பி, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து வரைபடம் வரையுங்கள். சிறிய பாத்திரத்தின் கோடு செங்குத்தாக இறங்குவதைக் காண்பீர்கள். மறுமுறை சிறிய பாத்திரத்தைப் பெரிய பாத்திரத்தோடு ஒட்டி வைத்து, இரண்டையும் ஒரே கம்பளித் துணியால் சுற்றி அளந்து பாருங்கள். இம்முறை சிறிய பாத்திரத்தின் கோடு எப்படிப் போகிறது? இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்து, காரணத்தை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் அதை விளக்கிச் சொல்லுங்கள். எப்போதாவது உங்கள் உறவிலோ தெருவிலோ ஒரு சிறு குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டால், மருத்துவரிடம் கங்காருப் பராமரிப்பைப் பற்றிக் கேட்க அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.